ஒன்பதாம் ஸ்லைடு

மில்துரா மருத்துவமனையில், சலவைக்கூடத்தை ஒட்டிய அறையில்
என் வேலை: ஆயிரத்து எழுநூறு பேருக்கு
எதை இன்னும் படிக்கவில்லை என்று நினைவூட்டுவது.
கை கழுவுதல். தீயணைப்பு. நோயாளியைத் தூக்கும் முறை.
பச்சை என்றால் முடித்தாயிற்று.
மஞ்சள் என்றால் முப்பது நாள்.
சிவப்பு என்றால் என் பெயரில் ஒரு கடிதம் போகும்,
நான் தூங்கிக்கொண்டிருந்தாலும்.

கேன்டீன் வரிசையில் என் பெயர்ப்பட்டையைப் படித்துவிட்டு
"ஓ, அந்தக் கடிதக்காரர் நீங்கள்தானா" என்றார்
எக்ஸ்ரே பிரிவில் ஒருவர்.
என் டீக்கும் அவரே காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு அவர்கள் முகம் தெரியாது.
நேரம் தெரியும்.
சேலா லாத்து, துப்புரவுப் பிரிவு:
ரசாயனப் பாதுகாப்புத் தேர்வு, பதினான்கு முயற்சி,
எல்லாமே காலை ஐந்தரைக்கு முன்.
பதினான்காவதில் நூற்றுக்கு நூறு.
எலும்பு மருத்துவர் ஒருவர்
நாற்பது ஸ்லைடை நான்கு நிமிடத்தில் தாண்டினார்.
அவருக்கும் நூற்றுக்கு நூறு.
இரண்டு சான்றிதழும் ஒரே அச்சு.

மார்ச் அறிக்கையில் ஒரு சிவப்பு.
புரோன்வின் ஹேகர்ட்டி, இரவு நர்ஸ், மூன்றாம் வார்டு.
உயிர்காப்பு, ஆண்டுப் புதுப்பிப்பு.
மூன்றாவது நினைவூட்டலும் போயாயிற்று,
இனி மேலதிகாரிக்கு நகல்.
போகுமுன் பதிவைத் திறந்தேன்.

2:47, உள்நுழைவு.
ஒன்று முதல் எட்டு வரை சீரான இடைவெளி,
படிக்கிறவரின் இடைவெளி, எனக்கு அது பழக்கம்.
3:06, ஒன்பதாம் ஸ்லைடு:
மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி,
நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது அழுத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.
3:36, செயலின்மை காரணமாக வெளியேற்றம்.
முன்னேற்றம் சேமிக்கப்படவில்லை.

வார்டுக்குப் போன் செய்தேன், திட்டுவதற்கல்ல,
கணினியில் ஏதும் பழுதா என்று கேட்க.
எடுத்தவர் கொஞ்சம் யோசித்தார்.
"அந்த இரவா? பன்னிரண்டாம் கட்டில்.
நாற்பத்தொரு நிமிடம், ஆள் மாற்றி ஆள் அழுத்தினோம்.
ப்ரான்தான் ஆரம்பித்தாள்."
பிழைத்தாரா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

செயலின்மை.
பட்டியலில் மூன்று சொற்கள் இருந்தன, ஆறு வருடம் முன்பு.
மற்ற இரண்டும் திரையில் அடங்கவில்லை என்று
இதைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான்.

என்னிடம் ஒரு பொத்தான் உண்டு: முடித்ததாகக் குறி.
அழுத்தினால் பச்சை.
கூடவே என் பெயர், தேதி, காரணம்.
காரணப் பெட்டியில் 'செய்தார்' என்று எழுதினேன்.
அழித்தேன்.
படித்ததும் செய்ததும் தணிக்கையில் வேறு வேறு தலைப்பு.
சித்திரகுப்தனுக்காவது சந்தேகம் கேட்க எமன் இருந்தான்.
எனக்கு பெண்டிகோவில் ஒரு உதவி மையம்,
ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

கடைசியில் செய்தது இவ்வளவுதான்.
மேலதிகாரிக்கான நகலை நிறுத்தினேன்.
காலக்கெடுவில் முப்பதை அழித்து நூற்றிருபது என்று அடித்தேன்,
பாதுகாப்புக் குழு கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம்.
இன்னும் கீழே உருட்டினால் ஒரு வெற்றுக் கட்டம்:
இடையில் நிறுத்தினாலும் சேமிக்கவும்.
ஆறு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.
நான் அதுவரை உருட்டியதில்லை.

வியாழன் அதிகாலை 4:10க்கு அவர் திரும்ப வந்தார்,
முதல் ஸ்லைடிலிருந்து.
எட்டு வரை அதே சீரான இடைவெளி.
ஒன்பதில் பதினொரு நிமிடம்.
கட்டிலருகே ஓடினாரா, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாரா,
பதிவில் இல்லை.
போனை எடுத்தேன், வைத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் சலவை இயந்திரம்
தண்ணீரை வெளியே விட்டது.
4:41, பத்தாம் ஸ்லைடு.